பச்சை வாளி ஓபரா

எங்கள் பள்ளிக்கு ஓபரா ஒரு திங்கட்கிழமை வந்தது. மத்தியானக் கிச்சடி முடிந்து, பிள்ளைகள் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த நேரம். தலைமையாசிரியர் கணேசபாண்டியன் சார் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டு, மேசைமேல் கிடந்த சுற்றறிக்கையை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், ஓபரா ஒண்ணு வந்திருக்கு. நீங்க பாத்துக்கிடுங்க."

போன மாதம் தெருநாய்க் கணக்கெடுப்பு வந்தபோதும் இதே குரலில்தான் சொன்னார். அதற்கு முந்தின மாதம் கொசு. மேலிடத்திலிருந்து எது வந்தாலும் சார் அதை இரண்டு விரலால்தான் தொடுவார், தொட்டவுடன் அது வேறொருவருடையதாகிவிடும்.

நான் கிளாரா. தாராவியில் தமிழ்வழியில் நடக்கும் இந்தப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். எனக்குப் பாட வராது. கோயிலில் பாட்டு நேரத்தில் வாயை மட்டும் அசைப்பேன். பக்கத்தில் நிற்பவர்களுக்கு நான் செய்யும் ஊழியம் அது. இதையெல்லாம் சாரிடம் எடுத்துச் சொன்னேன்.

"ஒங்க வீட்டுக்காரரு கொயர்ல பாடுதாருல்லா?" என்றார்.

"அவரு பாடுதாரு சார். நான் பாடல."

"ஒரே வீடுதான டீச்சர்," என்றார். அத்தோடு நான் இசை வல்லுநர் ஆனேன்.

சுற்றறிக்கையை அனுப்பியிருந்தது உலக இசைவழிக் கல்வி ஊக்குவிப்பு மன்றம், மாட்டுங்கா. பள்ளிப் பிள்ளைகள் உலக இசையால் உந்தப்பட்டு ஓர் ஓபராவைத் தாங்களே ஆக்கி, தாங்களே அரங்கேற்ற வேண்டுமாம். மூன்று மாதத்தில் விழா. உந்தப்படுவதற்கான கடைசித் தேதியும் போட்டிருந்தது, வரும் வெள்ளி மாலை ஐந்து மணி.

கிழித்துப் போட்டிருப்பேன். கடைசிப் பத்தி கையைக் கட்டிவிட்டது. எங்கள் பள்ளியில் ஏழோடு தமிழ் முடிகிறது. அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் ஹிந்திப் பள்ளிக்குப் போக வேண்டும். எட்டாம் வகுப்பு கேட்டு நான்கு வருடமாக மனு போட்டுக்கொண்டிருக்கிறோம். இப்போது அதிகாரி ஒருவருக்கு என்ன தோன்றியதோ, மன்றத்தின் பரிந்துரை பெறும் பள்ளிக்கு எட்டு தரலாம், எட்டு வந்துவிட்டால் ஒன்பதும் பத்தும் வருடத்துக்கு ஒன்றாகத் தானே தொடரும் என்று உத்தரவு போட்டிருந்தார். கணக்கு டீச்சரான எனக்கு ஓபராவுக்கும் எட்டாம் வகுப்புக்கும் உள்ள சமன்பாடு விளங்கவில்லை. ஆனால் சாதியா ஞாபகம் வந்தது.

சாதியா போன வருடம்தான் மேலப்பாளையத்திலிருந்து வந்தாள். வகுப்பில் பதினேழு பேர். மற்ற பதினாறும் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு விளையாட்டில் ஹிந்திக்குத் தாவுகிற கூட்டம். இவள் ஒருத்திதான் கிச்சடி மூட்டை சுற்றிவந்த தமிழ்த் தாளையும் விடாமல் படிப்பவள். ஹிந்தியில் அவளுக்குத் தெரிந்தது பானி ஒன்றுதான், அதுவும் குழாயடியில் கற்றது. அவள் உம்மா சஃபீனா முன்பே என்னிடம் சொல்லிவிட்டாள். "எட்டு இங்கன இருந்தாப் படிக்கட்டும் டீச்சர். இல்லைன்னா வீட்ல இருக்கட்டும். ஹிந்திப் பள்ளிக்கூடத்துல போய் ஊமையா உக்காந்துக்கிட்டு இருக்கதுக்கு, என்கூடப் பூ கட்டலாம்." அந்தப் பேச்சின்போது சாதியா பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்காகத்தான் ஒப்புக்கொண்டேன். வேறு எதற்காகவும் இல்லை.

முதலில் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி முகாம். மாட்டுங்காவில் மன்றத்தின் அரங்கம். காலை பத்து மணிக்குப் போய் உட்கார்ந்தேன். மேடையில் இருபத்துமூன்று பிரமுகர்கள். குத்துவிளக்கில் ஐந்து திரி. ஒருவர் ஒரு திரியை ஏற்றுவார், படம் எடுப்பார்கள், மன்றத்தின் விதிமுறை அலுவலர் ஷ்யாமளா மேடம் ஒரு சாமந்திப் பூவால் அதை அணைத்து அடுத்தவருக்குத் தயார் செய்வார். அதன்பின் ஒவ்வொருவருக்கும் சால்வை, தேங்காய். சால்வை போர்த்தியவர்களுக்கும் பிறகு சால்வை போர்த்தினார்கள். மூன்று மணிக்குத்தான் செயல் தலைவர் வேங்கடசுப்ரமணியன் பேச எழுந்தார்.

"இருபத்திரண்டு வருஷமா உலக இசைக்காக உழைச்சிண்டிருக்கேன். இந்த இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு பாட்டை முழுசா உக்காந்து கேட்டேன்னு யாராவது சொல்ல முடியுமோ? அவ்வளவு வேலை. அத்தனை கமிட்டி."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஓபரா என்றால் என்ன என்று ஒரு ஆசிரியர் கேட்டார். அது விதிமுறை நூலில் இருக்கிறது என்றார் தலைவர். பிறகு நன்றியுரை. முகாம் மாபெரும் வெற்றி என்று அறிவித்து எங்களை அனுப்பிவைத்தார்கள்.

விதிமுறை நூல் அறுபத்துநான்கு பக்கம். ஷ்யாமளா மேடம் பத்தொன்பது வருடமாகத் தாமே எழுதித் தாமே டைப் அடித்தது. வாசலில் வைத்து என் கையில் கொடுக்கும்போது, "படிப்பேளா?" என்று கேட்டார். படிப்பேன் என்றேன். நம்பாமல் பார்த்தார். வடாலாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்த வழியிலேயே பாதி படித்துவிட்டேன். கணக்குக்காரிகளுக்கு விதிகள் பிடிக்கும்.

நான்காவது விதி இப்படி இருந்தது. ஓபரா தொடங்கி முடியும்வரை மேடையில் நிற்கும் எவரும் பேசக் கூடாது, எதையும் பாடியே சொல்ல வேண்டும். நாற்பத்தொன்றாவது விதி, மேடையில் பாடியதை மறுக்கவோ திருத்தவோ விரும்புபவர், அதே மேடையில், சுருதியோடு பாடித்தான் மறுக்க வேண்டும். இந்த இரண்டாவதற்கு ஒரு கதை உண்டாம். முன்பொரு விழாவில் பாட்டாகப் பாடிய நன்றியுரையில் துணைத் தலைவர் பெயர் விட்டுப்போக, அதைத் திருத்த ஒருவர் மைக்கைப் பிடிக்க, அந்தத் திருத்தத்தைத் திருத்த இன்னொருவர் பிடிக்க, கடைசியில் மின்சாரத்தை நிறுத்தித்தான் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார்களாம். பாடித்தான் திருத்த வேண்டும் என்று எழுதிய பிறகு ஒருவரும் எதையும் திருத்த வரவில்லை.

மறுநாள் பிள்ளைகளிடம் நான்காம் விதியை மட்டும் சொன்னேன். அன்றே வகுப்பு ஓபராவாகிவிட்டது. வருகைப் பதிவு எடுத்தால் "உள்ளேன்" என்பதை ஆறு விதமாக இழுத்தார்கள். டென்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுக்குப் போகட்டுமா என்று பாடிக் கேட்டான். பின்வரிசை அதை நான்கு குரலில் வாங்கிப் பாடியது. பாட்டு முடிவதற்குள் அவனுக்கு நேரம் மிஞ்சிவிட்டது.

அடுத்து விண்ணப்பப் படிவம். ஏழு கண்டங்களின் இசையும் இடம்பெற வேண்டும், எந்தக் கட்டத்தையும் காலியாக விட்டால் படிவம் கம்ப்யூட்டரில் ஏறாது. ஏழாவது கட்டம் அண்டார்டிகா. அங்கே ஆளே இல்லையே என்று ஷ்யாமளா மேடத்துக்குப் போன் செய்தேன்.

"ஜனங்க இருக்காளா இல்லையாங்கறது மன்றத்தோட விஷயமில்லம்மா," என்றார். "இசை இருக்கணும்."

என் வீட்டுக்காரர் தனசீலன் அம்பர்நாத்தில் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். சனி ஞாயிறு ஓய்வு. சனிக்கிழமை ஆர்மோனியத்தோடு பள்ளிக்கு வந்தார். உலக இசை எங்கேயும் தேடிப் போக வேண்டியதில்லை, பிள்ளைகள் வீட்டில் என்ன சத்தம் கேட்கிறதோ அதைக் கொண்டுவரட்டும் என்றார். திங்கட்கிழமை வகுப்பறை குடோன் ஆனது. ஆனி தன் அம்மாவின் தையல் மெஷினைப் பாடினாள். அங்கே தைப்பது ஜீன்ஸ், எனவே அது வட அமெரிக்கா. பிளாஸ்டிக் உடைக்கும் பட்டறையிலிருந்து வந்த நீல டிரம் ஆப்பிரிக்கா. தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றை ஊதினால் ஆஸ்திரேலியா. டப்பாவில் போட்ட அரிசி தென் அமெரிக்கா. தனசீலன் சொல்லிக்கொடுத்த நான்கு குரல் பாட்டு ஐரோப்பா. பிரைட்டனின் அப்பா சைக்கிளில் இட்லி விற்கிறார், அந்த சைக்கிள் ஹாரனைப் பிரைட்டன் கழற்றிக்கொண்டு வந்தான். பாம் பாம். அது ஆசியா. அன்றைக்கு அவன் அப்பா வாயாலேயே பாம் பாம் என்று கத்தி விற்றார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அண்டார்டிகாதான் பாடாய்ப் படுத்தியது. டென்சிலின் சித்தப்பா ஐஸ் ஃபேக்டரியில் இருக்கிறார். ரம்பத்தால் ஐஸ் அறுக்கும் சத்தமே அண்டார்டிகா என்று முடிவு செய்து ஒரு பாளம் கொண்டுவந்தோம். பிரார்த்தனைக் கூட்டம் முடிவதற்குள் கண்டம் உருகி ஆறாம் வகுப்புக்குள் போய்விட்டது. பிறகு ஐஸுக்குப் பதில் தெர்மோகோல் அறுத்தோம். அந்தச் சத்தத்தில் எல்லாருக்கும் பல் கூசி மயிர்க்கூச்செறிந்தது. குளிர் உண்மையாகவே வந்துவிட்டதால் அதையே வைத்துக்கொண்டோம்.

கதை சாதியாவுடையது. குழாயடி வரிசையில் அவள் வைத்த பச்சை வாளியை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். நிஜமாகவே நடந்தது. அவள் எழுதிய ஓபராவில் ஒரு பெண் அந்த வாளியைத் தேடி ஏழு கண்டமும் போகிறாள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி, "என் பச்சை வாளி கண்டீரோ?" அதை அவள் எழுந்து நின்று பாடிக் காட்டியபோது தனசீலன் ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தேன்.

இனி ஒத்திகைதான் பாக்கி என்று நினைத்தேன். அதற்குள் மேற்பார்வை ஆரம்பித்தது.

வாரத்துக்கு ஒருமுறை மன்றத்திலிருந்து மேற்பார்வைக் குழு வரும். தலைவர் எப்போதும் வருவார், கூட இரண்டு மூன்று பிரமுகர்கள் முறை வைத்து வருவார்கள். எல்லாரையும் வரவேற்க வேண்டும். பதினான்கு படிகளில் வரவேற்பு, விதிமுறை நூலில் பின்னிணைப்பு. எங்களிடம் பேண்டு வாத்தியம் இல்லாததால் பிரைட்டன் இட்லி ஹாரனை அடிப்பான். பாம் பாம் என்றதும் பிரமுகர் எழுந்து மேடைக்கு வர வேண்டும், ஆனி சால்வை போர்த்துவாள். பள்ளியில் இருந்தது ஒரே சால்வை. போர்த்தி, படம் எடுத்து முடித்ததும் ஆனி பின்னாலிருந்து அதை உருவி அடுத்தவர் தோளில் போட்டுவிடுவாள். ஒருவரும் கவனித்ததில்லை. அவர்கள் கண் கேமராவில் இருக்கும்.

வரவேற்பு முடிந்து, தலைவர் பேசி முடித்து, நன்றியுரை வரும்போது மணி அடித்துவிடும். "வரவேற்பு சிறப்பு. ஓபராவை அடுத்த முறை பார்க்கலாம்" என்று எழுதிவைத்துப் போவார்கள். இப்படிப் பன்னிரண்டு முறை. பன்னிரண்டாவது முறை பிரைட்டன் ஹாரனைத் துடைக்கும்போது கை தவறி அமுக்கிவிட்டான். தேநீர் குடித்துக்கொண்டிருந்த தலைவர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து தோளை நீட்டிக்கொண்டு நின்றார். பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டார்கள். ஒத்திகையில் எங்கள் வாளிப் பெண்ணோ மூன்றாவது கண்டத்தைத் தாண்டியதே இல்லை.

"டீச்சர், நமக்கு வெல்கம் ஃபங்ஷன்தான் ஏக்தம் பக்காவா வருது," என்றான் பிரைட்டன். "அதையே போட்டுருவமா?"

சும்மா இருல என்று அதட்டினேன்.

விழா நாள் வந்தது. அதே மாட்டுங்கா அரங்கம். ஆறு பள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் நாற்பது நிமிடம் என்று அழைப்பிதழில் இருந்தது. காலையில் வரவேற்பு தொடங்கியது. மத்தியானம் நாற்பது நிமிடம் இருபதாயிற்று. மூன்று மணிக்கு ஒன்பது. நான்கு மணிக்குப் பள்ளிக்கு நான்கு நிமிடம் என்றார்கள். வடாலாப் பள்ளி ஒன்று அவசரத்தில் ஆப்பிரிக்காவையும் ஐரோப்பாவையும் ஒன்றாகப் பாடி மூச்சிறைத்து இறங்கியது. மாலை ஆறு மணிக்கு அரங்கம் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு விடப்பட்டிருந்தது, பக்கவாசல் வழியாகச் சமையல்காரர்கள் அண்டாவை உள்ளே தூக்கிக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பள்ளி நாங்கள்.

ஐந்து நாற்பதுக்குத் தலைவர் தம் முன்வரிசை நாற்காலியிலிருந்தே மைக்கை வாங்கினார். நேரமின்மை காரணமாகத் தாராவிப் பள்ளியின் ஓபரா நடத்தப்பட்டதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது என்றார். தரம், சாதாரணம். சாதாரணத்துக்குப் பரிந்துரை கிடையாது.

திரைக்குப் பின்னால் பதினேழு பேரும் என்னைப் பார்த்தார்கள். சாதியா பார்க்கவில்லை. அவள் காலில் கட்டியிருந்த சலங்கையைக் குனிந்து அவிழ்த்தாள், ஒழுங்காக மடித்து என் கையில் கொடுத்தாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. வாழ்க்கையில் ஒரு பிரமுகரிடமும் எதிர்த்துப் பேசாதவள், நேரே மேடை ஓரத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த ஷ்யாமளா மேடத்திடம் போய், "மேடம், விதி பத்தொன்பது" என்றேன்.

அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "படிச்சேளா?" என்றார். பத்தொன்பது வருடத்தில் யாரும் அவரிடம் ஒரு விதியின் எண்ணைச் சொன்னதில்லை. எழுந்து நின்று, தொடங்காத ஓபராவை நடந்ததாக எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லை என்று அரங்கத்துக்கே அறிவித்தார். அப்படியானால் தொடங்கிவிட்டு உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்றார் தலைவர்.

திரை விலகியது. தொடங்குவது ஆசியா. பிரைட்டன் ஹாரனை அமுக்கினான்.

பாம் பாம்.

தலைவர் எழுந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை, கால் தானாகவே படியேறியது. மேடைக்கு வந்து தோளை நீட்டினார். ஆனி ஒரு கணம்கூடத் திகைக்கவில்லை, சால்வையைப் போர்த்தினாள். சாதியா வெறுங்காலோடு முன்னால் வந்து அவரைப் பார்த்துப் பாடினாள், "ஐயா, என் பச்சை வாளி கண்டீரோ?"

தலைவர் மைக்கைப் பார்த்தார். மைக்கைப் பார்த்தபின் பேசாமல் இருக்க அவரால் முடியாது. "இந்த நல்ல வேளையிலே" என்று தொடங்கினார். டிங் என்று மணியடித்தது. ஷ்யாமளா மேடம்.

"விதி நாலு சார். எவரும்னு போட்டிருக்கு. பாடணும்."

மறுபடி பேசப் பார்த்தார். மறுபடி மணி. தனசீலன் ஆர்மோனியத்தில் ஒரு சுரத்தைப் பிடித்து நீட்டினார். தலைவர் தொண்டையைச் செருமி, கண்ணை மூடி, "வாளி என் துறையில் இல்லை" என்று பாடினார். சுருதிக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பின்னாலிருந்து பிள்ளைகள் நான்கு குரலில் "இல்லை, இல்லை, இல்லை" என்று வாங்கிப் பாடினார்கள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் சொன்னதை அதுவரை யாரும் இவ்வளவு அழகாகத் திருப்பிச் சொன்னதில்லை. "அதற்கொரு கமிட்டி உண்டு" என்று மேலே ஏறினார். "உண்டு, உண்டு."

பாம் பாம். துணைத் தலைவர் எழுந்தார். தலைவர் தோளிலிருந்து சால்வை உருவப்பட்டு இவர் தோளுக்கு வந்தது. கமிட்டி கூடியது, ஆனால் கூட்டக்குறிப்பு பொருளாளரிடம் என்று பாடினார். பாம் பாம். பொருளாளர். அவர் போன வருடமே பதவி விலகிவிட்டதாகவும், அதை ஏற்க இன்னும் கமிட்டி கூடவில்லை என்றும் பாடினார். ஆனியின் தையல் மெஷின் ஓடியது, டிரம் அதிர்ந்தது. ஹாரன் ஒலிக்க ஒலிக்க இருபத்துமூன்று பேரும் வரிசைப்படி ஏறிவந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு காரணம் பாடினார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை, மேலே ஏறியபின் இறங்குவது அவர்கள் வழக்கமில்லை. கல்யாண வீட்டார் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்து, இதுவும் ரிசப்ஷன் கச்சேரிதான் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

ஏழாவது கண்டத்துக்கு வந்தபோது சாதியா பாட்டை நிறுத்தினாள். டென்சிலின் கையில் ரம்பம் தயாராக இருந்தது. அவள் இருபத்துமூன்று பேரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு அதே மெட்டில், நான் எழுதிக்கொடுக்காத, யாரும் எழுதிக்கொடுக்காத வரியைப் பாடினாள்.

"வாளி போனால் போகட்டும் ஐயா, எட்டாம் வகுப்பு எங்கே?"

வரிசையின் கடைசியில் நின்றவர் பக்கத்திலிருந்தவரைக் காட்டி "அவரிடம்" என்று பாடினார். அவர் அடுத்தவரைக் காட்டி "அவரிடம்" என்றார். கை கைமாறி, அவரிடம் அவரிடம் என்று இருபத்திரண்டு பேரைத் தாண்டி, தலைவரிடம் வந்து நின்றது. அவருக்குப் பக்கத்தில் காட்ட ஆளில்லை. சமையல்காரரைக்கூடத் திரும்பிப் பார்த்தார், அவர் அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார். அப்போது டென்சில் அண்டார்டிகாவைத் தொடங்கினான்.

தெர்மோகோலை ரம்பம் அறுக்கும் அந்தச் சத்தம் ஸ்பீக்கரில் கிளம்பியதும் அரங்கம் முழுக்கப் பல்லைக் கடித்தது. கல்யாணப் பெண் காதைப் பொத்திக்கொண்டாள். துணைத் தலைவரின் பல்செட் கழன்று கைக்கு வந்தது. டென்சில் நிறுத்தவில்லை. பதில் வந்தால்தான் கண்டம் முடியும், அப்படித்தான் ஒத்திகையில் சொல்லியிருந்தோம். தலைவர் இரண்டு கையையும் தூக்கி, இதுவரை போகாத உயரத்துக்குக் குரலைக் கொண்டுபோய், "தந்தேன், தந்தேன், எட்டாம் வகுப்பு தந்தேன், அந்த ரம்பத்தை நிறுத்து" என்று பாடினார்.

"நிறுத்து, நிறுத்து" என்று நான்கு குரலில் முடித்தார்கள். ஷ்யாமளா மேடம் ஒரு வார்த்தை விடாமல் எழுதி, நேரம் போட்டு, கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே தலைவர் மன்றத்துக்கு வந்து, நேற்றுச் சொன்னது உணர்ச்சிவேகத்தில் சொன்னது, குறிப்பிலிருந்து நீக்குங்கள் என்றாராம். ஷ்யாமளா மேடம் என்னிடம் போனில் சொன்னார். அவர் பதிலுக்கு நாற்பத்தொன்றாம் விதியைத் திறந்து காட்டியிருக்கிறார். பாடித்தான் மறுக்கணும் சார். அதே மேடையில. சுருதியோட. விதியை மாற்றிவிடலாமே என்றாராம் தலைவர். அந்த விதியும் மேடையில் பாடி நிறைவேறியதுதான், அதையும் பாடித்தான் மாற்ற வேண்டும் என்றாராம் இவர்.

எங்கள் ஓபராவுக்குக் கடைசியில் கிடைத்த தரம் சாதாரணம்தான். வாளி கிடைக்கவில்லை என்பதால் கதை முற்றுப்பெறவில்லை என்று குறிப்பு. ஆனால் தலைவர் பாடியது பரிந்துரையாகக் குறிப்பில் ஏறிவிட்டதால், ஜூனில் எட்டாம் வகுப்பு திறந்தது. பதினேழு பேரும் மேலே வந்தார்கள். சஃபீனா தானே மகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வாசலில் நின்று கரும்பலகையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். சாதியா முதல் பெஞ்சில் உட்கார்ந்து, நான் கேட்பதற்கு முன்னால் "உள்ளேன்" என்று பாடினாள்.

தலைவர் விடுகிற ஆளில்லை. மறுப்பைப் பாடியே தீருவது என்று சங்கீதம் கற்கத் தொடங்கிவிட்டார். யாரிடம் என்றால், அன்றைக்கு அவர் குரலை விடாமல் துரத்திய ஆர்மோனியக்காரரிடமே. கணேசபாண்டியன் சார் அந்தக் கோரிக்கையை இரண்டு விரலால் எங்கள் வீட்டுப் பக்கம் தள்ளிவிட்டார். சனிக்கிழமைதோறும் தனசீலன் வடாலாவில் ஹார்பர் லைன் ரயில் பிடித்துச் சான்பாடாவில் இருக்கும் தலைவர் வீட்டுக்குப் போய்வருகிறார். தலைவர் விடியற்காலையிலேயே எழுந்து சாதகம் செய்கிறாராம். மாடிவீட்டுக்காரர்கள் குடியிருப்புச் சொசைட்டியில் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம்.

போன சனிக்கிழமை இவர் வந்து உட்கார்ந்ததும் டீ கொடுத்தேன். எட்டாம் வகுப்பு இப்போதுதான் பின்னத்தை முடித்திருக்கிறது. தலைவருடைய பாட்டு எந்த மட்டில் இருக்கிறது என்று கேட்டேன்.

"முதல் சுரத்துலயே நிக்காரு," என்றார். "சுருதி சேரலன்னு சொல்லியிருக்கேன். சேராம மேடை ஏறக்கூடாதுல்லா."

"நெசமாவே சேரலையா?"

தனசீலன் டீயை ஊதிக் குடித்தார்.

"அது போன மாசமே சேந்துட்டு," என்றார். "பிள்ளையளுக்குப் பத்தாங்கிளாஸ் பரீட்சை முடியட்டும். அவருட்டச் சொல்லிக்கிடலாம்."